தெரியுமா? மிளகளவு மருவுக்குள் இத்தனை சங்கதி!

பின்கழுத்து, அக்குள், கண் இமையோரம்... இந்த மூன்று இடங்களையும் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். மிருதுவாக, கடுகளவில் ஏதாவது தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் கவலை வேண்டாம், உங்களுக்குத் துணை ஏராளம். வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடம்பில் எங்காவது ஒரு மருவாவது தொங்கிக்கொண்டிருக்கிறது! ஆண், பெண் பேதம் கிடையாது. நாற்பதைத் தாண்டினால் இன்னும் அதிகம். டாக்டர்கள் இதை ‘ஸ்கின் டேக்’ என்கிறார்கள். நம் வீடுகளில் மரு, பாலுண்ணி. இத்தனை பேர் உடம்பில் இருந்தும் இதைப் பற்றி நாம் நம்புவதில் பாதி தப்பு. நமக்குத் தெரியாத மீதியோ வாயைப் பிளக்க வைக்கும்!

முதலில், அதற்குள் என்னதான் இருக்கிறது? சீழா? கெட்ட ரத்தமா? கெட்ட நீரா? ஒன்றுமே இல்லை! நம் தோலில் இருக்கும் அதே சரக்குதான். வெளியே மேல்தோல். உள்ளே கொலாஜன் என்ற புரத இழைகள், தளர்வாகப் பின்னியபடி. நடுவில் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள். சிலவற்றில் கொஞ்சம் கொழுப்பு. இவ்வளவும் ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. பெரும்பாலானவை 1 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். அபூர்வமாகச் சிலருக்குத் தொடையிலோ இடுப்பிலோ சில சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்வதும் உண்டு. அப்போதும் அது புற்றுநோய் அல்ல. நகம் பட்டால் அந்தச் சின்னஞ்சிறு மரு ஏன் அவ்வளவு ரத்தம் கொட்டுகிறது என்று பயப்படுவோமே, அதற்குக் காரணம் காம்பின் நடுவே ஓடும் அந்தக் குழாய்தான்.

சரி, ஏன் குறிப்பாகக் கழுத்து? ஏன் அக்குள்? தோல் எங்கெல்லாம் தோலோடும் துணியோடும் நகையோடும் உரசுகிறதோ, அங்கெல்லாம் இதற்குக் கொண்டாட்டம். கழுத்தில் சங்கிலி, தாலிக்கொடி, சட்டைக் காலர். அக்குளில் கையை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் உரசல். மார்பகத்துக்குக் கீழே, தொடை இடுக்கில், உடம்பு பருத்தவர்களுக்கு ஒவ்வொரு மடிப்பிலும். ஆனால் உரசல் மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியாது. குடும்ப வாகு உண்டு. அப்பாவின் கழுத்தில் பார்த்ததை மகன் தன் கழுத்தில் பார்ப்பான். ஹார்மோனும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு, முதல் மூன்று மாதம் கடந்தபின், கழுத்திலும் மார்பிலும் புதிதாக மருக்கள் முளைப்பது சகஜம். பிள்ளை பிறந்தபின் அவற்றில் சில தானாகவே சுருங்கி மறைந்தும் போகும்! ஆகவே கர்ப்ப காலத்தில் மருவை அகற்றுவதற்காக ஓட வேண்டாம். கொஞ்சம் பொறுத்தால் உடம்பே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மரு தொற்றவே தொற்றாது என்பது தெரியுமா? ஒரே துண்டைப் பயன்படுத்தினால் வந்துவிடும், பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று எத்தனை வீடுகளில் பயப்படுகிறார்கள்! குழப்பம் எங்கே என்றால், முற்றிலும் வேறான இரண்டு சமாச்சாரங்களை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். விரலில், நகத்தோரத்தில், உள்ளங்காலில் சொரசொரப்பாக, கெட்டியாக முளைக்கிறதே, அது ஹெச்.பி.வி. என்ற வைரஸ் செய்யும் வேலை. அது தொற்றும், பரவும். கழுத்தில் மெத்தென்று தொங்குகிற மருவோ உங்கள் சொந்தத் தோலின் மிகை வளர்ச்சி. அதை யாருக்கும் கொடுக்கவும் முடியாது, யாரிடமிருந்தும் வாங்கவும் முடியாது.

‘கிள்ளினால் பரவும், அந்த ரத்தம் பட்ட இடமெல்லாம் புதிதாக முளைக்கும்’ என்று கேட்டிருப்பீர்கள். அறுத்த மரு திரும்ப முளைக்காது என்று எழுதப்பட்டே ஏறக்குறைய 2000 ஆண்டுகள் ஆகிவிட்டன என்றால் நம்புவீர்களா? ஆம்! கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் செல்சஸ் என்ற அறிஞர் எட்டுப் பாகங்களில் ஒரு மருத்துவ நூல் எழுதினார். தோலில் முளைப்பவற்றை வகை வகையாகப் பிரித்து வைத்த அந்த மனிதர், இந்தத் தொங்கும் மருவைப் பற்றிச் சொல்லும்போது, கீழே ஒடுங்கியும் மேலே அகன்றும் இருக்கும் என்கிறார். ஓர் அவரை விதையைவிடப் பெரிதாவது அரிது என்கிறார். வெட்டி எடுத்தால் வேர் எதையும் விட்டுவைக்காது, அதனால் அதே இடத்தில் மறுபடி முளைக்காது என்கிறார்! நுண்ணோக்கி இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னது. இன்றைய தோல் மருத்துவமும் அதையேதான் சொல்கிறது. முறையாக எடுத்த மரு அந்த இடத்தில் திரும்புவது மிக அரிது. பிறகு பக்கத்தில் புதிதாக ஒன்று வருகிறதே என்றால், அது அறுத்ததால் வந்ததில்லை. மருவை வளர்க்கும் வாகு அந்த உடம்பில் இன்னும் இருக்கிறது என்றுதான் பொருள். அந்த நூல் பல நூற்றாண்டுகள் காணாமல் போய், 1478-ல் ஃபிளாரன்ஸ் நகரில் அச்சேறியது. உலகில் முதன்முதலில் அச்சான மருத்துவ நூல்களில் அதுவும் ஒன்று!

நம் ஊர்ப் பக்கம் வாருங்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து, ‘இந்த மருவும் கட்டியும் கரையட்டும்’ என்று வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பல அம்மன் கோயில்களிலும் உப்பு, மிளகு வேண்டுதல் உண்டு. ‘போட்டோம், பிள்ளைக்கு உதிர்ந்துவிட்டது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை! சிறுவர்களுக்கு வரும் வைரஸ் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எந்த வைத்தியமும் இல்லாமலேயே இரண்டு ஆண்டுகளில் மறைந்துவிடும். உடம்பின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு அந்த வைரஸை விரட்டிவிடுகிறது. பெரியவர்களின் கழுத்து மருவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விரட்ட அங்கே வைரஸே இல்லையே! வேண்டுதல் மனசுக்குத் தெம்பு. தாராளமாகச் செய்யுங்கள். மருவின் மீது எருக்கம்பாலைத் தடவாமல் இருந்தால் போதும். எருக்கம்பால் கதைக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

இனி வருவதுதான் இந்தச் சின்ன மரு சொல்லும் பெரிய சேதி!

நாம் தின்ற சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைகளுக்குள் சேர்க்க உத்தரவு போடுவது, கணையம் சுரக்கும் இன்சுலின். தொப்பை ஏறி, நடை குறைந்தால், தசைகள் அந்த உத்தரவுக்குச் சரியாகக் காது கொடுப்பதில்லை. இந்த நிலைக்கு ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’ என்று பெயர். கணையம் சும்மா விடுமா? இன்னும், இன்னும் என்று சுரந்து தள்ளுகிறது. அதனால் பல ஆண்டுகள் ரத்தச் சர்க்கரை சரியான அளவிலேயே நிற்கும். சோதனை செய்தாலும் ‘நார்மல்’ என்றுதான் வரும். ஆனால் உள்ளே இன்சுலின் அளவுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது! இங்கேதான் ஆச்சரியம். தசை கேட்காத உத்தரவைத் தோல் கேட்கிறது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிப்பதில்லை, வளர்ச்சியையும் தூண்டும். அது அதிகமாகும்போது, நேரடியாகவும் ‘ஐ.ஜி.எஃப்.-1’ என்ற வளர்ச்சிப் பொருளின் வழியாகவும் தோலின் மேலடுக்குச் செல்களையும், கொலாஜன் இழைகளை உண்டாக்கும் செல்களையும் பெருகச் சொல்லி முடுக்குகிறது. விளைவு? கழுத்துத் தோல் தடிக்கிறது, கறுக்கிறது, மருக்கள் கூட்டமாக முளைக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் பிடிபடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கழுத்து அதை அறிவித்துவிடலாம்!

1987-ல் இஸ்ரேலில் மரு உள்ள 216 பேரைச் சோதித்துப் பார்த்தார்கள். நால்வரில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோய் இருந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் வந்த ஆய்வுகளும் மருக்கள் கூடக்கூட உடல் பருமன், ரத்தக் கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு உறவு இறுகுவதைக் காட்டின. இதை நம் நாட்டுக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ‘இண்டியாப்’ ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றது அது. அந்த 13 கோடிப் பேரில் எத்தனை பேர் கழுத்தில் இந்த மருக்கள் மௌனமாகத் தொங்குகின்றனவோ!

கழுத்தின் அந்தக் கருமை இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அது அழுக்கு அல்ல! ‘அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்’ என்பது அதன் மருத்துவப் பெயர். ‘ஒழுங்காகத் தேய்த்துக் குளிக்க மாட்டாயா’ என்று எத்தனை பிள்ளைகள் வீட்டில் திட்டு வாங்குகிறார்கள்! பீர்க்கங்கூட்டாலும் கடலைமாவாலும் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துவிடுகிறார்கள். உரசினால் அந்த இடம் இன்னும்தான் தடிக்கும், கறுக்கும். பிள்ளையின் கழுத்து கறுத்து, கூடவே மருவும் வந்தால் அதற்குத் தேவை திட்டல்ல, சோப்புமல்ல. எடையையும் சர்க்கரையையும் பார்க்க ஒரு டாக்டர்தான் தேவை. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது ஆகியவையும் சேர்ந்த இளம்பெண் என்றால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கும் அடியில் இதே இன்சுலின் தொல்லை பல பேருக்கு உண்டு.

அதற்காக ஒரு மரு இருந்தாலே சர்க்கரை நோய் என்று தூக்கத்தைத் தொலைத்துவிடாதீர்கள்! ஒல்லியான உடம்பு, அறுபது வயது, ஒன்றோ இரண்டோ மரு என்றால் அது வயசின் அடையாளம், அவ்வளவுதான். திடீரென்று கூட்டமாக முளைக்கிறதா, கழுத்தும் கறுக்கிறதா, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டுகிறதா... இவை கைகோத்து வரும்போதுதான் கவனிக்க வேண்டும். எடை குறைத்தால் மரு உதிருமா என்று எல்லோரும் கேட்பார்கள். கருமை மெல்ல வெளுக்கும். வந்துவிட்ட மரு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். எடையைக் குறைப்பதன் லாபம் மருவில் இல்லை, கணையத்தில்!

இந்த ஓர் அற்ப மருவுக்காக உயிர்களே போயிருக்கின்றன, தெரியுமா? 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. சூனியக்காரி என்று சந்தேகப்பட்ட பெண்ணைப் பிடித்தால் முதலில் அவள் உடம்பை அங்குலம் அங்குலமாகச் சோதிப்பார்கள். எதைத் தேடினார்கள்? மருவை, மச்சத்தை, தொங்கும் சதையை! பிசாசின் ஏவல் பிராணிகள் அந்த இடத்தில்தான் பால் குடிக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. 1645 தொடங்கி கிழக்கு இங்கிலாந்தில் மாத்யூ ஹாப்கின்ஸ் என்பவர் ஊர் ஊராகப் போய் இப்படித் தேடியே எத்தனையோ பெண்களைத் தூக்குமரத்துக்கு அனுப்பினார். வயதான பெண்கள், ஏழைகள், விதவைகள். அந்த வயதில் உடம்பில் ஒரு மருகூட இல்லாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

கடல் தாண்டி அமெரிக்காவின் சேலம் கிராமத்துக்கும் இந்த வெறி போனது. 1692 ஜூன் 2 அன்று சில பெண்களை நிர்வாணமாக்கிச் சோதித்தார்கள். மூன்று பேர் உடம்பில் இயற்கைக்கு மாறான சதை வளர்ச்சி இருப்பதாக எழுதினார்கள். அதே நாள் பிற்பகலில் மறுபடி சோதித்தால், காலையில் கண்டது இல்லை! அப்போதாவது யோசித்தார்களா? இல்லை. எட்டே நாளில் பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண் தூக்கிலிடப்பட்டார். இன்னொருவர் ரெபெக்கா நர்ஸ். 71 வயது. காது மந்தம். அவர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார். என்னைச் சோதித்த பெண்களிலேயே மூத்தவர், அனுபவசாலி, இது இயற்கையாக வரக்கூடியதுதான் என்று சொல்லியிருக்கிறார், பிள்ளைப்பேறுகளின் கஷ்டத்தால் வந்த குறை இது, விவரமறிந்த வேறு பெண்களைக் கொண்டு மறுபடி பாருங்கள் என்று கேட்டார். ஜூரிகள் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றே சொன்னார்கள். பிறகு மாற்றிக்கொண்டார்கள். ஜூலை 19 அன்று அவரும் தூக்கிலிடப்பட்டார். 1711-ல் மாசாசூசெட்ஸ் அரசு தண்டனையைச் செல்லாது என்று அறிவித்துக் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தது. அந்த மூத்த பெண்ணின் பெயரும் தெரிந்திருந்தால் இங்கே மரியாதையோடு எழுதியிருப்பேன். அன்றைக்கு அந்த அறையில் மருத்துவம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மறுபடி மருவுக்கே வருவோம். சில மருக்கள் தற்கொலை செய்துகொள்ளும்! காம்பு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நிற்கிறது. மரு வீங்கி, வலித்து, கருஞ்சிவப்பாகி, பிறகு கன்னங்கரேலென்று ஆகி, சில நாளில் உதிர்ந்துவிடும். பார்க்கிறவருக்குப் பகீரென்று இருக்கும், புற்றுநோயோ என்று. நூலோ, தலைமுடியோ, குதிரைவால் முடியோ கட்டி மருவை விழ வைக்கிறார்களே, அந்தக் கைவைத்தியத்தின் ரகசியமும் இதுதான். ரத்தம் போகாமல் தடுப்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? காம்பு தடித்த மருவில் நூல் அரைகுறையாக இறுகும். வலி உயிர் போகும். சுத்தமில்லாத நூல் வழியே கிருமி நுழையும். சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் புண் ஆற மறுக்கும். அதைவிட முக்கியம், கட்டுவது மருவைத்தானா என்று வீட்டில் யார் பார்த்துச் சொல்வது?

சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவின் மேல் வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. இது மருவை மட்டும் எரிப்பதில்லை. காரம் தோலுக்குள் ஆழமாக இறங்கும். மரு போனாலும் அந்த இடத்தில் குழியோ, தடித்த தழும்போ ஆயுசுக்கும் நிற்கும். எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால் ஆகியவற்றைக் கண் இமை மருவில் வைப்பதோ படுபயங்கரம்! எருக்கம்பால் கண்ணில் பட்டுக் கருவிழி வீங்கிப் பார்வை மங்கியவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அதில் கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் வலியே அதிகம் தெரியாது, பார்வை மட்டும் மங்கும். அதனால் மருத்துவமனைக்குப் போவதும் தாமதமாகும். கண்ணைவிட மருவா பெரிது?

பாட்டி வைத்தியம் வேண்டாம், ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறீர்களா? ‘மூன்றே நாளில் மரு உதிரும்’ என்று விற்கிறார்களே, அந்தத் திரவங்களில் பல வீரியமான அமிலங்கள். மருவையோ மச்சத்தையோ வீட்டில் அகற்றிக்கொள்ளக் கடையில் விற்கும் எந்த மருந்துக்கும் தான் அனுமதி கொடுத்ததே இல்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பகிரங்கமாகச் சொல்கிறது. 2022 ஆகஸ்டில் அப்படி விற்ற மூன்று நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. மச்சம் ஒன்று புற்றாக மாறத் தொடங்கியிருந்தால், மேலே எரித்துவிட்டு உள்ளே வளர விட்டுவிடுவோம். அதுதான் உண்மையான ஆபத்து.

டாக்டரிடம் போனால் எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சில நிமிடங்கள்! சின்ன மரு என்றால் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, நுண்கத்தரியால் காம்போடு ஒரே வெட்டு. ஒரு சொட்டு ரத்தம், அதை நிறுத்த ஒரு துளி மருந்து, முடிந்தது. கொஞ்சம் பெரியது என்றால் மரத்துப்போக ஊசி போட்டு, மின்சூட்டாலோ ரேடியோ அலையாலோ எடுப்பார்கள். மூன்றாவது வழி, மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. 1899-லேயே நியூயார்க்கில் கேம்பெல் ஒயிட் என்ற டாக்டர் திரவக் காற்றைப் பஞ்சில் தொட்டு மருக்களை உறைய வைத்திருக்கிறார்!

ஆனால் நம் மாநிறத் தோல்காரர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் குளிருக்கு மிகவும் மென்மையானவை. மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே அவை செத்துவிடும். மற்றத் தோல் செல்கள் சாக மைனஸ் 20-க்கும் கீழே போக வேண்டும். அதாவது மரு உறைவதற்குள் சுற்றிலும் இருக்கும் நிறச் செல்கள் போய்விடலாம். விளைவு, கரிய கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள்! அதனால் நம் போன்ற தோலுக்குக் கத்தரியோ, பதமான மின்சூடோ பொருத்தமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு அந்த இடத்தை உலர்வாக வைத்து, பொருக்கைப் பிய்க்காமல் விட்டால் போதும். எதையும் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டாலும் குடி முழுகாது! சங்கிலியில் மாட்டுகிறது, சவரக்கத்தியில் அறுபடுகிறது, இமையில் தொங்கிப் பார்வையை மறைக்கிறது, பார்க்கப் பிடிக்கவில்லை... எந்தக் காரணமும் நல்ல காரணமே.

மரு என்று டாக்டர் எடுத்ததில் புற்றுநோய் இருக்குமா? 1996-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மரு என்று அகற்றி அனுப்பப்பட்ட 1335 மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஐந்தே ஐந்துதான் புற்று! எவ்வளவு ஆறுதல் பாருங்கள். அந்த ஐந்தும் தப்பிவிடக் கூடாது என்பதால்தான், கெட்டியாக இருந்தால், நிறம் மாறினால், அடிபடாமலே ரத்தம் கசிந்தால், புண்ணாகி ஆறாமல் நின்றால், வாரக் கணக்கில் வேகமாக வளர்ந்தால் காட்டச் சொல்கிறார்கள்.

மரு வேடத்தில் வருகிறவர்களும் உண்டு! கன்னத்தில், கண்ணைச் சுற்றிக் கடுகளவில் கறுப்பாகப் புடைத்து, வயதோடு பெருகுகின்றனவே, கறுத்த தோலுக்கே உரிய அவை வேறு வகை. ‘டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா’ என்று பெயர். 1925-ல் அதை விவரித்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி. கொழும்பில் பல ஆண்டுகள் பணியாற்றிய இத்தாலிய டாக்டர் அவர். இலங்கையை ஆட்டிவைத்த பறங்கிப் புண்ணின் கிருமியை 1905-ல் அங்கேதான் கண்டுபிடித்தார்!

உடம்பு முழுக்க மெத்தென்ற முடிச்சுகள், கூடவே தேநீர் நிறத்தில் தட்டையான தேமல்கள் என்றால் அது நியூரோஃபைப்ரோமா. ஏறக்குறைய 3000 பேரில் ஒருவருக்கு வரும் மரபணு நோயின் அடையாளம். பிறந்த குழந்தையின் காதுக்கு முன்னால் தொங்கும் சதையை மரு என்று நினைத்து நூல் கட்டவே கட்டாதீர்கள். உள்ளே குருத்தெலும்பு இருக்கலாம், குழந்தையின் கேட்கும் திறனையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆசனவாயில் இருப்பது மூலம் ஆறிய தழும்பாக இருக்கலாம், க்ரோன்ஸ் என்ற குடல்நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அங்கே அவசரப்பட்டு அறுத்தால் புண் ஆறாமல் போகலாம். மிக அபூர்வமாக, முகத்திலும் கழுத்திலும் மருக்களோடு வெளிர்ப் புடைப்புகள் வரும் குடும்பங்களுக்கு நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அந்தத் தோல் புடைப்புகளை 1977-ல் கனடாவின் மூன்று டாக்டர்கள் கண்டு சொன்னார்கள். பர்ட், ஹாக், டூபே என்ற அவர்கள் மூவர் பெயராலேயே அந்த நோய் அழைக்கப்படுகிறது.

வீட்டு நாய்க்கும் வயதானால் மரு வரும்! உண்ணி என்று நினைத்துப் பிய்த்து இழுப்பவர்கள் ஏராளம். கால்கள் தெரிகின்றனவா என்று கிட்டத்தில் பாருங்கள். கால் இருந்தால் உண்ணி, இல்லாவிட்டால் மரு. பாவம், விட்டுவிடுங்கள்.

கடைசியாக, மனசிலிருந்து ஒரு வேண்டுகோள். மருவை எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அவை கூடுகின்றன, கழுத்தும் கறுக்கிறது என்றால் சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை வந்தால் எச்சரிக்கை, 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 5.7-ஐத் தொட்டாலே வாசற்படிக்கு வந்துவிட்டீர்கள். 6.5 என்றால் உள்ளே நுழைந்துவிட்டீர்கள். வாசற்படியிலேயே கண்டுபிடித்தவர்கள் நடையாலும் உணவாலும் திரும்பி வந்துவிட முடியும். தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வந்தும் பார்க்கிறார்கள். நாளைக் காலை காபி குடிப்பதற்கு முன்பே போய்வாருங்கள், வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு.